ஆறாம் எண் சட்டையும் சக்கேயுவின் வீடும்

ஒரு சாலை. அதன் ஒருபுறம் பசும்புல் விரிந்த திடல். சீருடையணிந்த வெள்ளையினச் சிறுவர்கள் அங்கே ரக்பி பயில்கின்றனர். மறுபுறம் புல் முளைக்காத கட்டாந்தரை. கம்பிவலைக்கு அப்பால் கறுப்பினச் சிறுவர்கள் கால்பந்து ஆடுகின்றனர். இரண்டுக்கும் நடுவே கார்கள் வரிசையாக விரைகின்றன. 27 ஆண்டுச் சிறைவாசத்திற்குப் பின், 1990 பிப்ரவரி 11 அன்று, நெல்சன் மண்டேலா விடுதலை பெற்றுச் செல்கிறார். ஒருபுறத்துச் சிறுவர்கள் வேலியைப் பற்றிக்கொண்டு அவர் பெயரைச் சொல்லி ஆர்ப்பரிக்கின்றனர். மறுபுறத்துச் சிறுவர்கள் புரியாமல் விழிக்க, நம் நாடு பாழாய்ப் போன நாள் இது, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறார் அவர்களுடைய பயிற்சியாளர்.

கிளின்ட் ஈஸ்ட்வுட் இயக்கத்தில் 2009-இல் வெளிவந்த ‘இன்விக்டஸ்’ திரைப்படம் இப்படித் தொடங்குகிறது. ஒரு நாட்டின் நெடுநாள் நோயை ஒரு சாலையும் இரண்டு திடல்களுமாகச் சுருக்கிக் காட்டிவிடும் தொடக்கம் இது. இந்தச் சாலையை முதலில் கடப்பவர் யார்? அநீதி இழைத்தவரா, அநீதிக்கு ஆளானவரா? படம் எழுப்பும் வினா இதுவே. அதற்குப் படம் தரும் விடை உயர்ந்தது. நற்செய்திக்கு மிக நெருக்கமானது. ஆயினும் படம் முடிந்து எழும்போது, அது கேளாமல் விட்ட இன்னொரு வினா நம் உள்ளத்தில் எழுகிறது. சாலையைக் கடந்தாயிற்று, அந்த இரண்டு திடல்களும் என்னவாயின? மன்னிப்பைப் பற்றி மறையுரைகளில் அடிக்கடி கேட்கும் நமக்கு இவ்விரு வினாக்களும் சேர்ந்தே தேவைப்படுகின்றன. ஆதலால் இப்படத்தைப் பாராட்டி மட்டும் அமையாமல், சற்று நின்று சிந்திப்பது பயனுடையது.

வரலாறும் கதையும்

ஜான் கார்லின் 2008-இல் வெளியிட்ட நூலைத் தழுவியது இப்படம். 1994 ஏப்ரலில், எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் தென்னாப்பிரிக்காவில் நடந்தது. மே மாதம் மண்டேலா குடியரசுத் தலைவரானார். அடுத்த ஆண்டு உலகக் கோப்பை ரக்பிப் போட்டி அந்நாட்டிலேயே நடைபெறவிருந்தது. நிறவெறி ஆட்சியின் காரணமாக 1987, 1991 ஆகிய இரு போட்டிகளிலும் தென்னாப்பிரிக்காவுக்கு இடமில்லாமற் போயிருந்தது.

ரக்பி அந்நாட்டில் வெறும் விளையாட்டன்று. டச்சு வழிவந்த ஆப்பிரிக்கானர்களுக்கு அது ஏறக்குறைய ஒரு சமயம். ‘ஸ்பிரிங்பாக்’ என்னும் மானைச் சின்னமாகக் கொண்ட தேசிய அணியும், அதன் பச்சையும் பொன்னிறமும் கலந்த சட்டையும் அவர்களுடைய பெருமிதத்தின் அடையாளங்கள். கறுப்பின மக்களுக்கோ அதே சட்டை ஒடுக்குமுறையின் கொடி. அயல்நாட்டு அணி வந்து ஆடும்போதெல்லாம் அவர்கள் எதிரணிக்கே கைதட்டினர். ராபன் தீவுச் சிறையில் இருந்தவர்களும் அவ்வாறே செய்தனர்.

இந்நிலையில், புதிய அரசின் விளையாட்டுக் குழு அந்தச் சின்னத்தையும் பெயரையும் ஒழித்துவிட முடிவெடுக்கிறது. செய்தியறிந்த மண்டேலா (மார்கன் ஃப்ரீமன்) கூட்டத்திற்கு விரைந்து சென்று, அதை அவர்களிடமிருந்து பறிக்காதீர்கள் என வேண்டுகிறார். அவருடைய அலுவலகத் தலைவி பிரெண்டா கலங்குகிறாள். இது அரசியல் கணக்கா என்று அவள் கேட்க, மனிதக் கணக்கு என்கிறார் அவர். பின்னர் அணித்தலைவர் பிரான்சுவா பீனாரை (மாட் டேமன்) தேநீருக்கு அழைத்து, தலைமை என்பது என்ன, தம்மால் இயலும் என்று எண்ணுவதைவிட மேலானதைச் செய்யப் பிறரைத் தூண்டுவது எவ்வாறு என்று அவரிடமே வினவுகிறார். கோப்பையை வென்று தாருங்கள் என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. ஆனால் பீனார் வெளியே வரும்போது அவருக்கு அது விளங்கிவிடுகிறது.

முடிவு யாவரும் அறிந்தது. 1995 ஜூன் 24 அன்று, ஜோகன்னஸ்பர்க் நகரின் எல்லிஸ் பார்க் அரங்கில், ஜோனா லோமு என்னும் மலை போன்ற இளைஞர் இடம்பெற்ற நியூசிலாந்து அணியைத் தென்னாப்பிரிக்கா 15–12 என்ற கணக்கில் வென்றது. உரிய நேரம் முடிந்தபோது 9–9 என்று சமனிலை. கூடுதல் நேரத்தில் ஜோயல் ஸ்ட்ரான்ஸ்கி உதைத்த ‘டிராப் கோல்’ வெற்றியைத் தந்தது. தம் அணியின் 15 புள்ளிகளையும் அவர் ஒருவரே ஈட்டினார். ஆனால் அன்றைய நாளை உலகம் நினைவில் வைத்திருப்பது அந்த உதையால் அன்று. பீனாரின் ஆறாம் எண் பொறித்த ஸ்பிரிங்பாக் சட்டையை அணிந்து மண்டேலா திடலுக்குள் நடந்து வந்தார். பெரும்பாலும் வெள்ளையர் நிரம்பியிருந்த அரங்கம் அவருடைய பெயரைச் சொல்லி முழங்கியது. நாடு அதை என்றும் மறவாது.

சக்கேயுவின் வீட்டிற்குச் சென்றவர்

இக்காட்சியைக் காணும் கிறிஸ்தவ உள்ளம் எரிகோ நகருக்குச் செல்லாமல் இராது. லூக்கா நற்செய்தியின் 19ஆம் அதிகாரத்தில், வரிதண்டும் தலைவரான சக்கேயு அத்தி மரத்தில் ஏறி நிற்கிறார். அந்நியர் ஆட்சிக்குத் துணைநின்று சொந்த மக்களைச் சுரண்டியவர் அவர். இயேசு அவரிடம் கணக்குக் கேட்கவில்லை. முதலில் மனந்திரும்பு, பிறகு வருகிறேன் என்று கட்டளையிடவுமில்லை. விரைவாய் இறங்கி வா, இன்று உன் வீட்டில் தங்கவேண்டும் என்று தாமே வலிய அழைக்கிறார். கண்டவர் எல்லாரும் முணுமுணுக்கின்றனர். பாவியின் வீட்டிற்கா விருந்துக்குப் போகிறார் என்று அவர்கள் கேட்பதில் பொருள் இல்லாமல் இல்லை. சுரண்டப்பட்டவர்கள் அவர்கள்தாமே!

மண்டேலா ஸ்பிரிங்பாக் சட்டையை அணிந்தது சக்கேயுவின் வீட்டு வாயிலில் கால்வைத்த செயல். அவருக்கும் முணுமுணுப்பு இருந்தது. கறுப்பின மக்கள் கூடியிருந்த கூட்டத்தில் அந்த அணியின் தொப்பியை அணிந்து அவர் பேசியபோது, அவர்மீது உயிரையே வைத்திருந்த மக்கள் வாய்விட்டுத் தம் வெறுப்பைத் தெரிவித்தனர். தலைமையின் சோதனை இங்கேதான் இருக்கிறது. பகைவரின் கைதட்டலைப் பெறுவது எளிதாகலாம். அதற்காகத் தம்மவரின் முணுமுணுப்பைத் தாங்குவது எளிதன்று. கும்பலின் சினத்தைத் தூண்டிவிட்டு அதன்மேல் அமர்ந்து செல்பவர்களே தலைவர்கள் எனப் பெயரெடுக்கும் உலகில், தம் மக்கள் விரும்பாத ஒன்றை அவர்கள் நலத்திற்காகச் செய்யும் துணிவை இப்படம் நேர்த்தியாகக் காட்டுகிறது.

இந்தத் துணிவு அரங்கில் தொடங்கவில்லை, அலுவலகத்தில் தொடங்குகிறது என்பதைச் சொல்லியிருப்பது ஈஸ்ட்வுட்டின் நுட்பம். பதவியேற்றவுடன், பழைய அரசின் வெள்ளை ஊழியர்கள் தம் பொருள்களைப் பெட்டிகளில் கட்டிக்கொண்டிருக்கின்றனர். விருப்பமுள்ளவர்கள் இருங்கள், உங்கள் பணி நாட்டுக்குத் தேவை என்கிறார் மண்டேலா. மெய்க்காவலர் தலைவர் ஜேசன் கூடுதல் ஆள்கள் கேட்டபோது, நிறவெறி அரசின் தனிப்பிரிவுக் காவலர்கள் நால்வரை அனுப்பிவைக்கிறார். நேற்றுவரை நம்மைக் கொல்ல முயன்றவர்கள் இவர்கள் என்று ஜேசன் கொதித்தெழ, மன்னிப்பு அச்சத்தை அகற்றுகிறது, ஆகவே அது வலிமைமிக்க ஆயுதம் என்ற பொருள்பட அவர் மறுமொழி கூறுகிறார். அதன்பின் அந்தச் சிறு அறைக்குள் இரு சாராரும் முறைத்துக்கொண்டே பணிபுரிவதும், நாளடைவில் முறைப்புத் தளர்வதும், இறுதியில் ஒன்றாகப் பந்தை எறிந்து விளையாடுவதும் படத்தின் மிக இயல்பான பகுதி.

அந்த மெய்க்காவலர்களுள் ஒருவரின் பெயர் லிங்கா மூன்சாமி. இப்பெயரைக் கேட்டதும் நம் செவி நிமிர்கிறது. 1860 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய நம் மக்களின் பெயர் அது. மண்டேலாவின் காவலர் அணியில் உண்மையாகவே பணியாற்றிய அவருடைய பாத்திரத்தைப் படத்தில் ஏற்றிருப்பவர் கறுப்பின நடிகர் பேட்ரிக் மொஃபோகெங். நிறவெறிச் சட்டங்கள் கறுப்பினத்தவரை மட்டுமன்றி இந்திய வழியினரையும் கலப்பினத்தவரையும் தனித்தனிக் கூறுகளாக்கி ஒடுக்கின. விடுதலைப் போரில் அவர்களும் தோளோடு தோள் நின்றனர். அந்தப் பல வண்ணத்தைப் படம் கறுப்பு, வெள்ளை என்ற இரண்டு வண்ணங்களாகச் சுருக்கிவிட்டது. பெயர் மட்டும் எஞ்சியது; அதைத் தாங்கிய மக்கள் திரையில் இல்லை.

யார் சார்பில் மன்னிப்பது?

பாராட்டுரைகளில் அதிகம் பேசப்படாத ஒரு காட்சி உண்டு. மண்டேலாவின் மகள் ஸிண்ட்ஸி, செய்தித்தாளில் பீனாரின் படத்தைக் கண்டு முகஞ்சுளிக்கிறாள். நீங்கள் சிறையில் இருந்தபோது எங்களை வீட்டைவிட்டு விரட்டிய காவலர்களின் சாயலையே இவனிடம் காண்கிறேன் என்ற கருத்தில் அவள் பேசுகிறாள். தந்தை அவளைக் கண்டிக்கிறார். உன் சொந்த உணர்ச்சிகளை மட்டுமே எண்ணுவது தன்னலம், அது நாட்டுக்கு உதவாது என்கிறார். அவள் எழுந்து போய்விடுகிறாள்.

மற்றொரு காட்சி. விடியற்காலை நடையின்போது காவலர் ஒருவர் வெள்ளந்தியாகக் குடும்ப நலன் விசாரிக்கிறார். எனக்கு மிகப் பெரிய குடும்பம், நான்கு கோடியே இருபது இலட்சம் பேர் என்று சொல்லிவிட்டு, நடையைப் பாதியில் நிறுத்தி மண்டேலா வீடு திரும்புகிறார். நாடு முழுவதையும் குடும்பமாக்கிக்கொண்டவரின் சொந்த வீட்டு முற்றம் வெறிச்சோடிக் கிடக்கிறது. ஃப்ரீமனின் நடிப்பு மிக உயர்ந்து நிற்பது இந்த ஊமைக் கணங்களில்தான். மேடையில் நின்று முழங்கும் வீரரை அவர் காட்டவில்லை. தளர்ந்த நடையும் தனிமையும் கொண்ட முதியவரைக் காட்டுகிறார்.

ஸிண்ட்ஸியின் வினாவைத் தந்தை தள்ளினாலும் நாம் தள்ளிவிட முடியாது. தமக்கு இழைக்கப்பட்டதை மன்னிக்க ஒருவருக்கு உரிமை உண்டு. தம் 27 ஆண்டுகளை மண்டேலா மன்னிக்கலாம். ஆனால் பிறர் இழந்ததை அவர் மன்னிக்க இயலுமா? படத்திற்கு வெளியே வரலாறும் இதைக் கேட்டது. இறுதி ஆட்டம் முடிந்து ஏறக்குறைய ஒரு மாதத்தில், 1995 ஜூலையில், உண்மை மற்றும் ஒப்புரவு ஆணையத்திற்கான சட்டம் இயற்றப்பட்டது. ஆங்கிலிக்கன் பேராயர் டெஸ்மண்ட் டூட்டு அதன் தலைவரானார். 1996 ஏப்ரலில் பொது விசாரணைகள் தொடங்கின. 20,000க்கும் மேற்பட்டோர் தம் துயரங்களைப் பதிவுசெய்தனர். குற்றம் புரிந்தவர் முழு உண்மையையும் வெளியிட்டால் பொது மன்னிப்புப் பெறலாம் என்பது ஏற்பாடு. 1977-இல் காவலில் மாண்ட ஸ்டீவ் பிக்கோவின் குடும்பத்தார் இதை எதிர்த்து அரசமைப்பு நீதிமன்றம் சென்றனர். எங்கள் துயரத்தை நாடு எங்கள் சார்பில் மன்னிக்கலாகாது என்பது அவர்கள் வழக்கின் சாரம். 1996-இல் நீதிமன்றம் சட்டத்தையே உறுதிசெய்தது. எனினும் பிக்கோவின் சாவுக்குக் காரணமானோரின் விண்ணப்பங்களை ஆணையம் 1999-இல் மறுத்துவிட்டது.

எனவே ஸிண்ட்ஸி தன்னலம் பேசவில்லை. மன்னிப்பை விரைவுபடுத்த விரும்பும் எவரும் காதுகொடுக்க வேண்டிய குரல் அவளுடையது. படம் அக்குரலுக்கு இடம் தந்தது அதன் நேர்மை. அதற்குப் பதில் தராமலே கடந்து சென்றது அதன் அவசரம்.

கவிதையும் செபமும்

படத்தின் பெயர் வில்லியம் எர்னஸ்ட் ஹென்லி எழுதிய ஆங்கிலக் கவிதையின் தலைப்பு. ‘வெல்லப்படாதவன்’ என்பது அந்த இலத்தீன் சொல்லின் பொருள். எலும்புருக்கி நோயால் ஒரு காலை இழந்த ஹென்லி, 1875-இல் எடின்பரோ மருத்துவமனையில் இருந்தபோது அதை எழுதினார். எந்த அடிக்கும் தலைவணங்காத உள்ளம், தன் விதிக்குத் தானே தலைவனான மனிதன், இவையே அதன் பொருள். சிறையில் மண்டேலாவுக்கு அது துணைநின்றது. படத்தில் அவர் அதைப் பீனாருக்குத் தம் கைப்பட எழுதித் தருகிறார். உண்மையில் அவர் தந்தது, அமெரிக்கக் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் 1910-இல் ஆற்றிய உரையின் ஒரு பகுதி என்பர். கலைக்காக இயக்குநர் செய்துகொண்ட மாற்றம் இது. அதில் குற்றம் காண வேண்டியதில்லை.

ராபன் தீவில் அணியினர் சிறையைக் காணச் செல்லும் காட்சியில் இக்கவிதை பின்னணியில் ஒலிக்கிறது. மண்டேலா அடைக்கப்பட்டிருந்த அறைக்குள் பீனார் தனியே நின்று இரு கைகளையும் விரித்துப் பார்க்கிறார். சுவர்கள் அவ்வளவு நெருக்கம். இத்தனை சிறிய அறைக்குள் இத்தனை ஆண்டுகள் இருந்தவர் தம்மைப் பூட்டியவர்களை எவ்வாறு மன்னித்தார் என்ற வியப்பு, சொல்லின்றி அவர் முகத்தில் படர்கிறது. நாம் நன்றியோடு நினைவில் வைத்துக்கொள்ளத்தக்க காட்சி.

ஆயினும் ஒன்று சொல்லவேண்டும். கவிதை புகழ்வது வணங்காத தலையை. படத்தை நடத்திச் செல்வதோ வணங்கிய தலைகள். தம்மவர் முன் தாழ்ந்து நின்று வேண்டிய தலைவர். கறுப்பினச் சிறுவர்களுக்கு ரக்பி கற்பிக்கச் சேரிக்குள் முதன்முறையாக இறங்கிய ஆட்டக்காரர்கள். தம் வீட்டுப் பணிப்பெண்ணுக்கும் இறுதி ஆட்டத்தின் நுழைவுச்சீட்டை எடுத்து வந்த பீனார். தன் விதிக்குத் தானே தலைவன் என்று நினைப்பவன் மன்னிப்பைக் கேட்கவும் மாட்டான், பெறவும் மாட்டான். மன்னிப்பு என்பது பிறர் கையிலிருந்து மட்டுமே நமக்கு வரக்கூடிய ஒன்று.

ஆகவே, இப்படத்தின் உண்மையான பாடல் ஹென்லியினுடையதன்று. அது ‘ங்கோசி சிகெலெலி ஆஃப்ரிக்கா’. மெதடிஸ்டுச் சபைப் பள்ளி ஆசிரியரான ஈனோக் சொன்டோங்கா 1897-இல் இயற்றிய மன்றாட்டு அது. ஆப்பிரிக்காவுக்கு ஆண்டவரின் ஆசியைக் கேட்பது. தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் கீதமாகப் பல பத்தாண்டுகள் விளங்கிய அதைப் பாடக் கற்றுக்கொள்ளும்படி பீனார் தம் அணியினருக்குத் தாளில் அச்சிட்டுத் தருகிறார். முதலில் அவர்கள் தாளைக் கசக்கி எறிகின்றனர். பின்னர், நாக்கில் படியாத சொற்களைத் தட்டுத்தடுமாறி உச்சரிக்கின்றனர். அடுத்தவன் செபத்தை அவனுடைய மொழியிலேயே சொல்லப் பழகுவதும் ஒரு மனமாற்றந்தான். வரலாற்றில், இறுதி விசில் ஒலித்ததும் அந்த ஆட்டக்காரர்கள் திடலிலேயே வட்டமாக முழந்தாளிட்டுச் செபித்தனர். வென்றவர்கள் முழந்தாளிட்ட அந்தக் கணம், ‘வெல்லப்படாதவன்’ என்ற தலைப்புக்கு அமைதியான மறுமொழியாகும்.

நின்றுபோன பாதி

இனிப் படத்தின் குறைக்கு வருவோம். இறுதி ஆட்டத்தை மெதுவசைவில் நெடுநேரம் நீட்டியிருப்பதும், அரங்கின்மேல் தாழப் பறந்து வரும் விமானத்தை ஏதோ சதிபோலக் காட்டி நம்மை வீணே அச்சுறுத்துவதும் சிறு குறைகள். பெருங்குறை வேறு.

சக்கேயுவின் கதை அவர் மரத்திலிருந்து இறங்கியதோடு முடியவில்லை. விருந்தின் நடுவே அவர் எழுந்து நிற்கிறார். தம் உடைமையில் பாதியை ஏழைகளுக்குத் தருவதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் வாக்களிக்கிறார். அதன்பிறகே இந்த வீட்டிற்கு மீட்பு வந்தது என இயேசு அறிவிக்கிறார். அழைப்பு இலவசம், ஆனால் அழைப்பை ஏற்றவர் எழுந்து நிற்கவேண்டும். இப்படமோ விருந்தோடு நின்றுவிடுகிறது. அரங்கிற்கு வெளியே, காவலர் காரின் வானொலியருகே ஒட்டிநின்ற கறுப்பினச் சிறுவனை முதலில் விரட்டிய வெள்ளைக் காவலர்கள், வெற்றிச் செய்தி வந்ததும் அவனைத் தோளில் தூக்கிக்கொள்கின்றனர். நம் கண்கள் கசிகின்றன. ஆனால் அந்தச் சிறுவன் அங்கே என்ன செய்துகொண்டிருந்தான்? காலிக் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். மறுநாள் காலையிலும் அதைத்தானே செய்யப்போயிருப்பான்?

1913-ஆம் ஆண்டு நிலச் சட்டம் நாட்டின் ஏறத்தாழ 7 விழுக்காட்டு நிலத்தையே கறுப்பினத்தவருக்கு ஒதுக்கியது. 1936-இல் அது 13 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. சனநாயகம் மலர்ந்து இருபது ஆண்டுகளுக்கு மேலான பின்னும், தனிமனிதர் உரிமையிலுள்ள விளைநிலத்தில் 72 விழுக்காடு வெள்ளையரிடமே இருந்ததாக 2017-இல் அரசு எடுத்த நிலக் கணக்கெடுப்புக் காட்டியது. உலகிலேயே ஏற்றத்தாழ்வு மிகுந்த நாடு தென்னாப்பிரிக்கா என 2022-இல் உலக வங்கி அறிவித்தது. டூட்டுவின் ஆணையம் செல்வர்மீது தனி வரி விதிக்கலாம் எனப் பரிந்துரைத்தது. அரசு அதை ஏற்கவில்லை. துன்புற்றோருக்கு 2003-இல் ஒரேமுறை வழங்கப்பட்ட இழப்பீடு தலைக்கு 30,000 ராண்ட். உண்மையைச் சொன்னவர்கள் மன்னிப்போடு சென்றனர். உண்மையைக் கேட்டவர்கள் தம் பழைய குடிசைகளுக்கே திரும்பினர்.

அணிக்குள்ளும் எல்லாம் படத்தில் உள்ளதுபோல் இனிமையாக இல்லை. அந்த அணியில் வெள்ளையரல்லாத ஒரே ஆட்டக்காரரான செஸ்டர் வில்லியம்ஸ், காயத்திலிருந்து மீண்டு வந்து காலிறுதியில் மேற்குச் சமோவாவுக்கு எதிராக நான்கு ‘டிரை’ எடுத்தவர். நாடெங்கும் சுவரொட்டிகளில் சிரித்த முகம் அவருடையது. 2002-இல் வெளிவந்த தம் வாழ்க்கை வரலாற்றில், அணியினரிடமே தாம் பட்ட இனவசவுகளை அவர் வெளிப்படுத்தினார். படம் அவருக்குத் தந்திருக்கும் இடம் மிகச் சிறிது. சட்டை எல்லாருக்கும் ஒன்றாயிருந்தது. அதனுள் பட்ட காயம் ஒருவருக்கு மட்டும்.

இதைப் படமே ஓரிடத்தில் அறிந்திருக்கிறது என்பதுதான் வியப்பு. ஒரு கோயிலில் வெள்ளையினப் பெண்கள் ஏழைச் சிறுவர்களுக்குப் பழைய துணிகளை வழங்குகின்றனர். ஒரு சிறுவனுக்கு நல்ல நிலையிலுள்ள ஸ்பிரிங்பாக் சட்டை கிடைக்கிறது. அவன் அதை வாங்காமல் ஓடிவிடுகிறான். உடுத்தினால் மற்றவர்கள் அடிப்பார்கள் என்று உடனிருக்கும் கறுப்பினப் பெண் விளக்கம் சொல்கிறாள். கொடுப்பவர் கண்ணுக்கு அது பழந்துணி. பெறுபவன் கண்ணுக்கு அது ஒடுக்கியவனின் சீருடை. பங்கு தரப்படாத இடத்தில் பரிசு காயப்படுத்துகிறது. நம் அறச்செயல் குழுக்கள் அனைத்தும் ஒருமுறை பார்க்கவேண்டிய காட்சி இது.

திருச்சபையின் சாட்சியமும் நம் சொல்லும்

அந்நாட்டுத் திருச்சபைகள் இந்த முழுமையை அறியாதவை அல்ல. 1957-லேயே தென்னாப்பிரிக்கக் கத்தோலிக்க ஆயர்கள் இனஒதுக்கல் கொள்கை தன் இயல்பிலேயே தீயது என்று அறிவித்தனர். அவர்களுள் முன்னின்ற டர்பன் பேராயர் டெனிஸ் ஹர்லியின் தந்தை, ராபன் தீவுக் கலங்கரை விளக்கத்தின் காப்பாளர். பின்னாளில் மண்டேலா கல்லுடைத்த அதே தீவில் பேராயரின் குழந்தைப்பருவம் கழிந்தது. மறுபக்கம், நிறவெறிக்கு விவிலியத்தில் ஆதாரம் தேடித்தந்த டச்சுச் சீர்திருத்தச் சபையைச் சார்ந்த இறையியலறிஞர் வில்லி யோங்கர், 1990 நவம்பரில் ரஸ்டன்பர்க் நகரில் கூடிய சபைகளின் மாநாட்டில் எழுந்து, தம் பாவத்தையும் தம் மக்களின் பாவத்தையும் வெளிப்படையாக அறிக்கையிட்டார். டூட்டு எழுந்து அவரை மன்னித்தார். கோப்பையும் கைதட்டலும் இல்லாத அந்த அரங்கில் ஒருவர் சக்கேயுவைப்போல் எழுந்து நின்றார். யாரேனும் அதையும் படமாக்கினால் நன்று.

நமக்கு இங்கே பழைய மறைக்கல்விப் பாடம் துணைவருகிறது. ஒப்புரவு அருட்சாதனத்தில் மனத்துயரும் பாவ அறிக்கையும் மட்டுமல்ல, பரிகாரமும் ஒரு கூறு. பாவமன்னிப்பு பாவத்தைப் போக்குகிறது. பாவம் விளைத்த கேட்டைச் சரிசெய்யும் கடமை நம்மீதே நிற்கிறது. திருடியவன் மன்னிப்புப் பெறலாம், பொருளைத் திருப்பித் தரவும் வேண்டும் என்று 1992-இல் வெளியான கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலும் கற்பிக்கிறது.

நம் மொழி இதை இன்னும் அழகாகக் கூறுகிறது. அருட்சாதனத்திற்கு நாம் வைத்த பெயர் ‘ஒப்புரவு’. அச்சொல் திருக்குறளில் ஓர் அதிகாரத்தின் பெயர். அங்கே அது பகைவர் கைகுலுக்குவதைக் குறிக்கவில்லை. ஒருவன் செல்வம் ஊரார் நீருண்ணும் குளம்போல் எல்லாருக்கும் பயன்படுவதைக் குறிக்கிறது. கைகுலுக்கலும் குளத்தைப் பகிர்வதும் நம் மொழியில் ஒரே சொல்! ‘இன்விக்டஸ்’ காட்டுவது இச்சொல்லின் முதற் பாதியை. காட்டாதது மறு பாதியை.

முதற் பாதி சிறிதன்று. அதைக் குறைத்து மதிப்பிடுவது பெருந்தவறாகும். 1994-இல் உள்நாட்டுப் போரின் விளிம்பில் நின்ற நாடு அது. மண்டேலா சாலையைக் கடக்காதிருந்தால் இரண்டாம் பாதியைப் பற்றிப் பேசுவதற்கே நாடு இருந்திராது. நான்கு மடங்கு திருப்பித் தா என்று முதலிலேயே கேட்டிருந்தால் சக்கேயு மரத்திலேயே இருந்திருப்பார். அழைப்பு முந்துகிறது, ஈடு பின்தொடர்கிறது என்பதே நற்செய்தியின் வரிசை. முந்தியதைச் செய்தவரைக் குறைகூறாமல், பின்தொடர வேண்டியதை மறந்தவர்களை நாம் வினவவேண்டும். திரையில் கண்ணீர் மல்கப் பார்த்துவிட்டு, கோயிலில் ஒரே பந்தியில் உண்டு, கல்லறைத் தோட்டத்தில் சுவரெழுப்பிப் பிரியும் ஊர்கள் நம்மிடையே இருக்கும்வரை, அவ்வினா தென்னாப்பிரிக்காவுக்கு மட்டும் உரியதன்று.

படம் வெளிவந்து பத்தாண்டுகள் கழித்து, 2019 நவம்பர் 2 அன்று, ஜப்பானின் யோகோஹாமா நகரில் தென்னாப்பிரிக்கா மீண்டும் ரக்பி உலகக் கோப்பையை வென்றது. மண்டேலா அப்போது இல்லை. 2013-இல் அவர் மறைந்துவிட்டார். கோப்பையை உயர்த்திய அணித்தலைவர் சியா கொலிசி, ஸ்வைடே என்ற கறுப்பினக் குடியிருப்பில் வறுமையில் வளர்ந்தவர். அப்பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவர். 2023-இல் பாரிஸ் நகரிலும் அவர் தலைமையில் அணி வென்றது. அவர் முதுகில் இருந்த எண் ஆறு. 1995-இல் மண்டேலா இரவல்போல் அணிந்து வந்த எண்ணை, அந்தக் கட்டாந்தரைத் திடலின் பிள்ளை ஒருவன் உரிமையோடு அணிந்து நின்றான்.

ஒரு பிள்ளை சாலையைக் கடந்து பசும்புல்லில் கால்வைத்துவிட்டான். மற்றப் பிள்ளைகள் இன்னும் வேலியைப் பற்றிக்கொண்டுதான் நிற்கின்றனர். இப்படத்தை உங்கள் இல்லத்தில் பிள்ளைகளோடு அமர்ந்து பாருங்கள், பாராட்டுங்கள். பார்த்து முடித்தபின் அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: விருந்து முடிந்தபின், சக்கேயு எழுந்து நின்றாரா?